ஒரு வீட்டில் ஒலித்த வானொலியின் கதையை எழுதிவைப்பது எப்படி

அப்பா இறந்து மூன்றாம் மாதம் அவருடைய அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள். தேதி, நேரம், நிலையம், பாட்டின் முதல் அடி, கடைசியில் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்கு நிலையம் எவ்வளவு தெளிவாகக் கிடைத்தது என்பதற்கு அவர் போட்ட மதிப்பெண் அது. ஒரு பக்கத்தில், இரவு 9.40க்கு நேரே, பாட்டின் அடி பாதி மட்டும் இருக்கிறது. பக்கத்தில் ‘போய்விட்டது. நாளை பார்க்கணும்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்.

அவர் உயிரோடு இருந்தபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அந்த வருத்தத்தில்தான் மற்றவர்களிடம் கேட்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வருடமாக, வானொலி கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி ஒலிப்பதிவு செய்து எழுதிவருகிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்த வேலையை நீங்களும் செய்யலாம். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. “ரேடியோ உங்க வாழ்க்கையை எப்படி மாத்துச்சு?” என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கேட்டால், “அதெல்லாம் பொற்காலம்ப்பா” என்று ஒரு பெருமூச்சு கிடைக்கும், அதோடு சரி. வானொலி பண்பாட்டை மாற்றியது, இசையை மாற்றியது, சமூகத்தை மாற்றியது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது நடந்த இடம் சின்னச் சின்ன இடம்: எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள், எதைப் பாடுவதை நிறுத்தினார்கள். அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

பெட்டியில் தொடங்குங்கள்

பழைய வானொலிப் பெட்டி ஒன்று கிடைத்தால் அதை அவர்கள் முன்னால் வையுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. கை தானாகக் குமிழுக்குப் போகும். போகும் வழியில் நினைவும் கூடவே போகும். நான் பேசிய ஒரு தாத்தா பெட்டியைத் தொட்டதும் வலது காதை அதன் பக்கவாட்டில் சாய்த்தார். முன்பக்கத்தில் அல்ல, பக்கவாட்டில். கேட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பாராம், மரப்பலகையில் காதை ஒட்டினால் அதிர்வோடு சேர்ந்து நன்றாகக் கேட்குமாம். இதை எந்தக் கேள்வி கேட்டும் வாங்கியிருக்க முடியாது.

பெட்டி என்ன வகை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வால்வு ரேடியோவா, டிரான்சிஸ்டரா? இந்த ஒரு விவரத்தில் பாதிக் கதை இருக்கிறது. வால்வு ரேடியோ சூடேறப் பல விநாடி எடுத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டும், மேசையோ பரணோ வேண்டும், ஏரியல் கம்பி கட்ட வேண்டும். ஆகவே அது கூடத்தில் நின்றது, வீட்டார் அதைச் சுற்றி வந்தார்கள். டிரான்சிஸ்டர் என்ற பொருளை 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். 1954-இல் ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை வானொலி கடைக்கு வந்தது. அதன் பிறகு வானொலி கூடத்தை விட்டுக் கிளம்பியது. வயலுக்குப் போனது, பட்டறைக்குப் போனது, படுக்கைக்குப் போனது. அப்பா கேட்பதைப் பிள்ளைகளும் கேட்டாக வேண்டும் என்ற நிலை உடைந்தது. பெற்றோருக்குப் பிடிக்காத ராக் இசை இளைஞர்களிடம் அத்தனை வேகமாகப் பரவியதற்கு, அவர்கள் கையில் அவர்களுக்கென்றே ஒரு வானொலி இருந்ததும் ஒரு காரணம்.

அதனால் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: “வீட்டுக்கு ரெண்டாவது ரேடியோ எப்ப வந்துச்சு? யாருக்காக வந்துச்சு?” முதல் வானொலி வந்த நாளை எல்லோரும் அலங்கரித்துச் சொல்வார்கள். இரண்டாவது வந்த கதையில்தான் வீட்டுக்குள் இருந்த பிரிவு தெரியும்.

யார் கை குமிழில் இருந்தது?

ஒரு தாளை எடுத்து வீட்டின் படத்தை அவர்களையே வரையச் சொல்லுங்கள். வானொலி எங்கே, வாசல் எங்கே, அடுப்படி எங்கே, யார் நாற்காலியில், யார் தரையில். கோணல்மாணலாக வரைந்தாலும் திருத்தாதீர்கள். பெரிதாக வரைந்த அறை அவர்கள் மனதில் பெரிதாக இருந்த அறை.

என் பெரியம்மாவிடம் இப்படித்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். எழுபத்தெட்டு வயது. ஏதாவது ஒரு பழைய பாட்டின் பெயரைச் சொன்னால் முழுதாகப் பாடிவிடுவார். அவரிடம், “நீங்கதான் பெரியம்மா ஸ்டேஷன் மாத்துவீங்களா?” என்று கேட்டேன்.

“நானா? அதை நான் தொட்டதே இல்லையே.”

வரைபடத்தில் வானொலி ஒரு சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படி. இருபது வருடம் அவர் கேட்டதெல்லாம் சுவர் வழியாக வந்த பாட்டு. மெட்டு அப்படியே வந்துவிடும், சொல் மங்கி வரும். மங்கிய இடத்தில் அவராக ஒரு சொல்லைப் போட்டுக்கொள்வார். பிற்பாடு மகன் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தபோதுதான் சரியான வரிகள் தெரிந்தன. ஆனாலும் இன்றுவரை தன் வரிகளைத்தான் பாடுகிறார். “அவங்க எழுதினது அவங்களுக்கு, எனக்கு இதுதான் வாயில வருது” என்றார். எழுதும்போது அந்த வரிகளை நான் திருத்தவில்லை. நீங்களும் திருத்தாதீர்கள். ஒரு பாட்டு ஒலிபரப்பு நிலையத்திலிருந்து கிளம்பி ஒரு பெண்ணின் வாய்க்கு வந்து சேர்ந்த பாதை அந்தத் தவறான சொல்லில்தான் பதிந்திருக்கிறது.

வானொலி எல்லோருக்கும் பொது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அலை பொதுதான். குமிழ் பொதுவாக இருந்ததில்லை. யார் திருகினார்கள், யார் அனுமதி கேட்டார்கள், யார் சுவருக்கு அப்பால் நின்று கேட்டார்கள் என்ற மூன்றையும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிடுங்கள்.

பகலையும் இரவையும் பிரித்துக் கேளுங்கள்

இதைச் செய்யாமல் விட்டால் பெரிய விஷயம் ஒன்று கைநழுவிப் போகும். மத்திய அலை பகலில் ஒரு மாதிரியும் இரவில் வேறு மாதிரியும் பயணம் செய்யும். வானத்தில் ஏறத்தாழ அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், வெயில் இருக்கும்வரை மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. மேலே போகும் மத்திய அலையை அது உறிஞ்சிவிடும். அதனால் பகலில் அருகிலுள்ள நிலையம் மட்டும் கிடைக்கும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலை இன்னும் மேலே உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கும். பகலில் ஒரு நாட்டில் இருந்த வானொலி இரவில் பல நாடுகளில் இருந்தது என்று சொல்லலாம். சிற்றலை இன்னும் தொலைவு போகும்.

இசை வரலாற்றில் இதற்கு அழகான சாட்சி ஜமைக்கா. 1950-களில் அந்தத் தீவு இளைஞர்கள் நியூ ஆர்லியன்ஸ், மயாமி பக்கமிருந்து வந்த அமெரிக்க நிலையங்களின் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளைக் கேட்டார்கள். தங்கள் தாளத்தோடு அதைச் சேர்த்தார்கள். அங்கிருந்து ஸ்கா என்ற இசை பிறந்தது, அதன் வழியில் ரெகே இசை வந்தது. பிரிட்டனில் ஒரு தலைமுறை, ரேடியோ லக்ஸம்பர்க் என்ற வெளிநாட்டு நிலையத்தை 208 மீட்டர் மத்திய அலையில் மாலைக்கு மேல்தான் கேட்டது. அலை ஏறியும் இறங்கியும் வரும். பாட்டின் நடுவில் மங்கி, மறுபடி எழும். அப்பாவின் நோட்டில் இருந்த ‘போய்விட்டது’ அதுதான்.

ஆகவே, “பகல்ல கிடைக்காம ராத்திரி மட்டும் கிடைச்சது எது?” என்று கேளுங்கள். மொழி தெரியாத நிலையத்தைக் கேட்டார்களா என்று கேளுங்கள். மொழி தெரியாமலே ஒரு பாட்டை வருடக்கணக்காக மனதில் வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். மெட்டை முணுமுணுக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பின்னால் இசை தெரிந்தவர்கள் யாராவது அடையாளம் காட்டக்கூடும். பண்பலை இப்படி எகிறாது. கண்ணுக்கு எட்டும் தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். பண்பலை பெருகிய பிறகு வானொலி உள்ளூர் பேச்சாகவும் உள்ளூர் கலகலப்பாகவும் மாறியதற்கு அலையின் இந்தக் குணமும் ஒரு காரணம்.

ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்

பேசுபவருக்குப் பிடித்த பாட்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பாட்டு வேண்டாம். அந்த ஒரு பாட்டை எப்போது முதலில் கேட்டார், மறுபடி கேட்க எத்தனை நாள் காத்திருந்தார், வரிகளை எழுதிக்கொண்டாரா, யாரிடம் பாடிக் காட்டினார், அதை யார் தேர்ந்து ஒலிபரப்பினார்கள் என்று தெரியுமா. காத்திருப்பு என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். விரும்பிய பாட்டு, விரும்பிய நேரத்தில் வராது. வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அதனால்தான் ஒரே தடவை கேட்டதை மனப்பாடம் செய்யும் காது அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

பாட்டை யார் தேர்ந்தார்கள் என்ற கேள்வி வானொலி வரலாற்றின் முதுகெலும்பு. அமெரிக்காவில் இசைத்தட்டு நிறுவனங்கள் அறிவிப்பாளர்களுக்குக் காசு கொடுத்துத் தங்கள் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடவைத்த விவகாரம் 1959, 1960-இல் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. மக்கள் விரும்பியதால் அடிக்கடி போட்டார்களா, அடிக்கடி போட்டதால் மக்கள் விரும்பினார்களா என்று அந்தக் காலப் பாட்டு எதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது.

காசு இல்லாமல் கொள்கையாலும் இது நடந்தது. இந்தியாவில் 1952-இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். செவ்வியல் இசையைத்தான் மக்கள் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகிப்போயின. கேட்பவர்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அதன் வர்த்தக ஒலிபரப்பு சிற்றலையில் கடல் தாண்டித் தெளிவாகக் கேட்டது. 1957-இல் அகில இந்திய வானொலியே விவித் பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. இதே கதை பிரிட்டனிலும் நடந்தது. பிபிசி இளைஞர்களுக்குப் பாப் பாட்டை அளந்து அளந்து கொடுத்தது. 1964-இல் கடலில் ஒரு கப்பலிலிருந்து ரேடியோ கரோலைன் ஒலிபரப்பத் தொடங்கியது. 1967-இல் கடல் நிலையங்களுக்கு எதிராகச் சட்டம் வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் பாப் பாட்டுக்கென்றே பிபிசி ரேடியோ 1 பிறந்தது. இரண்டு நாடு, இரண்டு இசை, ஒரே நடை. மேலே இருப்பவர்கள் கதவை அடைத்தார்கள், கேட்பவர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள், கொஞ்ச காலத்தில் கதவு திறந்தது. கேட்பவர்கள் வெறுமனே வாங்கிக்கொண்டவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த நிலையத்தை விட்டு எந்த நிலையத்துக்குப் போனார், ஏன் போனார் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அவர் போட்ட ஓட்டு அது.

வானொலி பாட்டைச் சுருக்கிவிட்டது என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கு, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ அவ்வளவே பதிய முடிந்த 78 சுற்று இசைத்தட்டிலிருந்து முதலில் வந்தது. வானொலி அதற்கு நேர்மாறாகவும் செய்திருக்கிறது. எகிப்தின் பாடகி உம் குல்தூம், மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு பாடிய கச்சேரிகளைக் கெய்ரோ வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. ஒரே பாட்டு ஒரு மணி நேரம் போகும். அரபு உலகம் முழுக்க அந்த இரவுக்காக வேலையை ஒதுக்கிவைத்துக் காத்திருந்தது. இன்னொன்று குரல். மைக் வருமுன் பாடகர் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமென்று தொண்டையைத் திறந்து பாடினார். மைக்கும் வானொலியும் வந்தபின் காதோரம் சொல்வதுபோல் மெல்லப் பாட முடிந்தது. முன்பின் பார்த்திராத ஒருவர் தனக்காகவே பாடுகிறார் என்று கேட்பவருக்குத் தோன்றியது. “அந்தக் குரலைக் கேட்டா எப்படி இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். பலர் முகத்தில் முதலில் ஒரு வெட்கம் வரும்.

செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள்

இது நான் தற்செயலாகக் கண்டுபிடித்தது. பேச்சு தேங்கும்போது, “அந்தக் காலத்துச் செய்தி எப்படி வாசிப்பாங்க, சும்மா வாசிச்சுக் காட்டுங்களேன்” என்று இன்றைய நாளிதழைக் கையில் கொடுங்கள். நிமிர்ந்து உட்காருவார்கள். குரல் தணியும். வீட்டில் பேசும்போது விழுங்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பள்ளிக்கூடம் போகாத ஒரு மூதாட்டி, நாளிதழை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, நினைவிலிருந்தே வானிலை அறிக்கை சொன்னார். ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்லை அவர் உச்சரித்தபோது அது அவருடைய பேச்சு மொழி அல்ல, கற்ற மொழி. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பெட்டி. வானொலி ஒரு பொதுப் பேச்சு மொழியை உண்டாக்கியது என்று புத்தகங்கள் சொல்வதை அந்த முப்பது விநாடியில் காதால் கேட்டேன்.

அச்சத்தையும் கேட்க வேண்டும்

நினைவு இனிப்பாகவே வந்துகொண்டிருந்தால் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள். வானொலி ஆறுதலும் கொடுத்தது, நஞ்சும் கொடுத்தது. 1933 மார்ச் 12 இரவு, வங்கிகள் மூடிக் கிடந்த அமெரிக்காவில், அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் வங்கி எப்படி வேலை செய்கிறது என்று எளிய சொற்களில் விளக்கினார். வங்கிகள் திறந்ததும் மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அதே ஆண்டுதான் ஜெர்மனியில் ‘மக்கள் வானொலி’ என்ற மலிவுப் பெட்டியை நாஜி அரசு வீடுவீடாகக் கொண்டு சேர்க்கத் தொடங்கியது. 1939 செப்டம்பரில் வெளிநாட்டு நிலையம் கேட்பதையே குற்றமாக்கியது. ருவாண்டாவில் 1993-இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் நிலையம் துள்ளலான பாட்டுகளுக்கு நடுவே வெறுப்பைக் கலந்து கொடுத்தது. 1994 இனப்படுகொலையில் அதன் பங்குக்காக அதை நிறுவியவர்களுக்கு 2003-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டனை விதித்தது. பாட்டால் காதைப் பிடித்துவைத்து, பிடித்த காதில் அதை ஊற்றினார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை தயங்குகிறது.

இதைப் பெரியவர்களிடம் நேராகக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். “சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கேட்ட நிகழ்ச்சி ஏதாவது உண்டா?” என்று கேளுங்கள். யாருக்குத் தெரியக்கூடாதென்று குறைத்தார்கள் என்பது தானே வரும். சிலருக்கு அது அரசு, சிலருக்கு மாமனார். சொல்ல விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கம், பலர் பெருமையாகச் சொல்லும் பெரிய கதைகளைச் சரிபாருங்கள். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தைக் கேட்டு, செவ்வாய்க்கிரகத்தார் வந்துவிட்டார்கள் என்று அமெரிக்காவே தெருவில் ஓடியதாகச் சொல்வார்கள். பயந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நாடே ஓடியது என்பது மறுநாள் நாளிதழ்கள் ஊதிப் பெருக்கியது என்று பின்னாளைய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். விளம்பர வருவாயை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த நாளிதழ்களுக்கு அந்தக் கதை வசதியாக இருந்தது. வானொலியைப் பற்றிய கதையை யார் சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வானொலி வருமுன் மாலையில் என்ன இருந்தது?

இந்தக் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள், ஆனால் விடாமல் கேளுங்கள். வீட்டில் பாடிக்கொண்டிருந்தவர்கள் சிலர், வானொலிக் குரல் வந்ததும், ‘அதுக்கு முன்னால நம்ம பாட்டு என்ன பாட்டு’ என்று நிறுத்தியிருக்கிறார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. இசைத்தட்டை வானொலியில் ஓட்டினால் நேரில் வாசிப்பவருக்குப் பிழைப்பு போகும் என்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 முதல் 1944 வரை ஒலிப்பதிவையே மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. மறுபுறம், வானொலி ஆட்களைக் கூட்டி உட்காரவும் வைத்திருக்கிறது. கனடாவில் 1941-இல் விவசாயிகள் குழுவாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, கருத்தை நிலையத்துக்கு எழுதி அனுப்பும் பண்ணை வானொலி மன்றம் தொடங்கியது. யுனெஸ்கோ உதவியோடு 1956-இல் புனே பகுதியில் 150 கிராமங்களில் அதையே முயன்று பார்த்தார்கள். ‘கேட்டபின் என்ன செய்தீர்கள்? யாருடன் பேசினீர்கள்?’ என்று கேட்டால் இந்தப் பக்கமும் கிடைக்கும்.

ஒலிப்பதிவு

கைபேசி போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் விரல் தட்டுவதெல்லாம் இடிபோலப் பதியும், அதனால் நான்காக மடித்த துண்டின்மேல் வையுங்கள். பேசுபவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரம். மின்விசிறியை நிறுத்துங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். முதலில் அரை நிமிடம் பதிவை ஓடவிட்டு, போட்டுக் கேட்டுப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் ஒருமுறை ஒன்றரை மணி நேரப் பேச்சை இழந்தேன். அவர் அடுத்த மாதம் காலமாகிவிட்டார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் இழுக்காதீர்கள். கேள்வி கேட்டபின் அவர்கள் யோசிக்கும் மௌனத்தில் குறுக்கே பேசாதீர்கள். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் கேட்பார்கள் என்று முன்பே சொல்லிச் சம்மதத்தையும் பதிவிலேயே வாங்கிவிடுங்கள்.

வீட்டில் பழைய ஒலிநாடா இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 1963-இல் அறிமுகமான கேசட் பரவிய பிறகு, வானொலியிலிருந்து பாட்டைப் பிடித்துவைப்பது எங்கும் நடந்தது. கிடைத்தால் முதலில் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தாழ்களை உடைத்துவிடுங்கள், தவறுதலாக மேலே பதிவாகாது. பூசணம் பூத்திருந்தால் ஓட்டாதீர்கள், நாடா பிசுக்கென்று ஒட்டினாலும் ஓட்டாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றிவிட்டு, சுத்தம் செய்த பிளேயரில் ஓட்டிக் கணினிக்கு மாற்றுங்கள். சுருக்காத டபிள்யூஏவி கோப்பாகச் சேமியுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

மாற்றும்போது எதையும் வெட்டாதீர்கள். அப்பாவின் ஒலிநாடாக்களை முதலில் மாற்றியபோது, பாட்டு மட்டும் வேண்டுமென்று அறிவிப்பாளர் பேச்சு, விளம்பரம், நடுவில் வந்த கொரகொரப்பு எல்லாவற்றையும் நறுக்கி எறிந்தேன். பாட்டு இன்று எங்கும் கிடைக்கிறது. நான் எறிந்தது எங்கும் கிடைக்காது. மிஞ்சிய ஒரு நாடாவில், பாட்டு தொடங்கும் முன் ஒரு ‘டக்’ சத்தம், பிறகு அப்பா யாரையோ ‘உஷ்’ என்று அடக்குகிறார். பின்னால் ஒரு குழந்தை சிரிப்பது கேட்கிறது. அது நான்தான் என்று பெரியம்மா சொல்கிறார்.

தேதியைப் பிடிப்பது

நினைவில் வருடம் தப்பும், நிகழ்ச்சி தப்பாது. ‘எந்த வருஷம்’ என்பதை விட்டுவிட்டு, அப்போது எந்த வகுப்பு படித்தீர்கள், அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேளுங்கள். பிறகு நூலகத்தில் பழைய நாளிதழ்களின் வானொலி நிகழ்ச்சி நிரல் பகுதியோடு ஒப்பிடுங்கள். வீட்டில் வானொலி வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டியிருந்த நாடுகளில் உரிமப் புத்தகம் வீட்டில் எங்காவது கிடக்கும். பெட்டி வந்த ஆண்டை அது சொல்லிவிடும். சிற்றலை நேயராக இருந்திருந்தால் க்யூஎஸ்எல் அட்டைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒரு நிலையத்தை எந்த நாள், எந்த நேரம், எந்த அலைவரிசையில், எவ்வளவு தெளிவாகக் கேட்டேன் என்று நேயர் எழுதிப்போட்டால், நிலையம் சரிபார்த்து அனுப்பும் அத்தாட்சி அட்டை அது. அப்பாவின் நோட்டில் இருந்த ஒன்று முதல் ஐந்து எண்ணும் அந்த நேயர்கள் வழக்கத்திலிருந்து வந்ததுதான். அட்டையில் உள்ள நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம், உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் குறியுங்கள்.

எழுதும்போது அவர் சொன்னதையும் நீங்கள் சரிபார்த்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். அவர் ஒன்பது மணி என்கிறார், நிகழ்ச்சி நிரல் எட்டரை என்கிறது என்றால் இரண்டையும் எழுதுங்கள். ‘வானொலி அவர் வாழ்வை மாற்றியது’ என்ற வரி உங்கள் தாளில் வந்தால் அடித்துவிட்டு, அதற்கு முன் அவர் செய்யாத எதை அதற்குப் பின் செய்தார் என்று எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் முதல் பிரதியும் ஒலிப்பதிவும் பேசியவருக்குத்தான். கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள், கூட உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறார், எந்த இடத்தில் ‘இல்லல்ல, அது அப்படி இல்ல’ என்கிறார் என்று கவனியுங்கள். பெரியம்மாவின் பதிவை ஓட்டியபோது அவர் தன் பாட்டு வந்த இடத்தில் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். “சத்தத்தைக் கூட்டு” என்றார். கைபேசியை அவரிடமே கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அவரே கூட்டிக்கொண்டார்.